பென்ஃபிக்கா ‘சாபம்’: யார் இந்த பேலா குட்மான்?

போர்ச்சுகலின் பென்ஃபிக்கா ஐரோப்பிய இறுதியாட்டத்தில் தோற்கும்போதெல்லாம் காற்பந்து ரசிகர்கள் ஒரு சாபத்தைப் பற்றிப் பேசுவார்கள். சாபம் விட்டதாகச் சொல்லப்படும் பயிற்றுநர் பேலா குட்மான் எங்கிருந்து வந்தவர், எதிலிருந்து தப்பியவர் என்று பேசுவோர் குறைவு.

1899இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் நடன ஆசிரியர்கள். மகனும் அதையே முதலில் பழகினார். பிறகு பந்து அவரைப் பிடித்துக்கொண்டது. எம்டிகே குழுவில் லீக் பட்டம் வென்றார். ஆனால் ஹங்கேரியில் யூதர்மீது வெறுப்பு பெருகவே, 1920களின் தொடக்கத்தில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குப் போய் ஹகோவா கழகத்தில் சேர்ந்தார்.

ஹீப்ரு மொழியில் ஹகோவா என்றால் வலிமை. விளையாட்டுக் கழகங்கள் பல யூதர்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1909இல் யூதர்களே தொடங்கிய கழகம் அது. நீச்சல், மல்யுத்தம், ஹாக்கி எல்லாம் உண்டு. காற்பந்துக் குழுவினர் தாவீதின் ஆறுமுனை நட்சத்திரத்தை நெஞ்சில் அணிந்தே திடலில் இறங்கினர். யூதர் என்று காட்டிக்கொள்ளாதிருப்பதே நல்லது எனப் பலர் நினைத்த ஊரில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். வசைமொழி பறக்கும், கைகலப்பும் வரும். கழகத்தின் மல்யுத்த வீரர்களே ஆட்டக்காரர்களுக்குக் காவல்.

1923இல் ஹகோவா லண்டனுக்கே போய் வெஸ்ட் ஹாமை 5-0 என வென்றது. 1925இல் ஆஸ்திரிய லீக் பட்டத்தையும் கைப்பற்றியது. பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் கோல் காவலர் ஃபாபியானின் கை முறிந்தது. மாற்று ஆட்டக்காரருக்கு அன்று விதியில் இடமில்லை. கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனவர் வெற்றி கோலை அடித்தார்! அந்தக் குழுவின் நடுத்தூண் குட்மான்.

மறு ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணம். நியூயார்க்கில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க 46,000 பேர் திரண்டனர். குட்மான் உட்படப் பலர் அங்கேயே தங்கிவிட்டதால் ஹகோவா தளர்ந்தது. 1929 பங்குச் சந்தைச் சரிவில் குட்மானின் சேமிப்பும் போனது. திரும்பி வந்து, பழைய கழகத்துக்கே பயிற்றுநரானார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஹகோவா கலைக்கப்பட்டது. திடல் பறிக்கப்பட்டது, அவ்வாண்டு ஆட்டங்களின் முடிவுகளும் அழிக்கப்பட்டன. புடாபெஸ்ட் திரும்பிய குட்மான் ஊய்பெஸ்ட் குழுவுக்கு 1939இல் லீக் பட்டம் பெற்றுத் தந்தார். 1944இல் அதே ஊரில், முடிதிருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒளிந்திருந்தார். பின்னர் கட்டாய உழைப்பு முகாம். அங்கிருந்து சன்னல் வழியே குதித்துத் தப்பினார். உடன் தப்பியவர்களில் ஒருவர், பின்னாளில் இத்தாலியின் டொரினோ குழுவை உருவாக்கிய எர்ப்ஸ்டெய்ன். குட்மானின் தந்தையும் சகோதரியும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். இவற்றைப் பற்றி அவர் வெளியில் அதிகம் பேசியதே இல்லை.

போருக்குப் பின் நாடு நாடாகப் போனார். ருமேனியாவில் சம்பளத்துக்குப் பதில் உணவுப்பொருள் வாங்கினார். லீக்கில் முதலிடத்தில் இருந்தபோதே மிலான் அவரை நீக்கியது. முதலாளிகளோடு ஒத்துப்போகும் குணம் அவருக்கு இல்லை என்பதும் உண்மைதான். பென்ஃபிக்காவுடன் 1961, 1962 என இருமுறை ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். மொசாம்பிக்கின் இளைஞர் யூசேபியோவைக் கழகத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

இரண்டாம் கிண்ணத்துக்குப் பின் கூடுதல் ஊதியம் கேட்டார், மறுத்தார்கள், விலகினார். இன்னும் நூறு ஆண்டுக்குப் பென்ஃபிக்கா ஐரோப்பாவில் வெல்லாது என்று அப்போது சபித்தாராம். அதற்கு உறுதியான சான்று இல்லை. 1965இல் அதே கழகத்துக்குப் பயிற்றுநராக அவர் திரும்பி வந்ததைச் சாபக் கதை சொல்வோர் ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதன்பின் எட்டு ஐரோப்பிய இறுதியாட்டங்களில் பென்ஃபிக்கா தோற்றிருக்கிறது. 1990 இறுதியாட்டம் வியன்னாவில் நடந்தபோது, யூசேபியோ குட்மானின் கல்லறைக்கே போய் வேண்டிக்கொண்டார். பலிக்கவில்லை.

குட்மான் 1981 ஆகஸ்ட் 28ஆம் தேதி வியன்னாவில் காலமானார். ஹகோவா 1945இலேயே மீண்டும் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் காற்பந்துப் பிரிவு சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 2008இல், பழைய திடல் இருந்த பிராட்டர் பகுதியில் கழகத்தின் புதிய விளையாட்டு மையம் திறக்கப்பட்டது.