புளோரன்ஸ் பாஸ்கம்

புளோரன்ஸ் பாஸ்கம் (ஜூலை 14, 1862 – ஜூன் 18, 1945) அமெரிக்க நிலவியலாளரும் பேராசிரியரும் ஆவார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கிய முதல் பெண் இவரே.

இளமையும் கல்வியும்

இவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்டவுனில் பிறந்தார். தந்தை ஜான் பாஸ்கம் 1874இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அப்பல்கலைக்கழகத்தில் புளோரன்ஸ் இரு இளநிலைப் பட்டங்களும் (1882, 1884), நிலவியலில் முதுநிலைப் பட்டமும் (1887) பெற்றார்.

பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். ஆண் மாணவர்களின் கவனம் சிதறக்கூடாது என்பதற்காக, இவர் வகுப்பறையில் ஒரு திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்க வேண்டியிருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் கிறிஸ்டீன் லாட்-பிராங்கிளின் 1882லேயே முனைவர் பட்டத்துக்கான தகுதிகளை நிறைவு செய்திருந்தும், பெண் என்பதால் அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. 1926இல்தான் அது அவர் கைக்கு வந்தது. இப்பின்னணியில் பாஸ்கம் 1893இல் பட்டம் பெற்றது சிறு செய்தியன்று.

பென்சில்வேனியாவின் சவுத் மவுண்டன் பகுதிப் பாறைகளே இவரது ஆய்வுப்பொருள். அவற்றுட் சில படிவுப் பாறைகள் எனக் கருதப்பட்டு வந்தன. பாறைகளை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்த பாஸ்கம், அவை உருமாறிய பழங்கால எரிமலைப் பாறைகள் என நிறுவினார். கண்ணாடித் தன்மை மறைந்துபோன பின்னரும், எரிமலைக் குழம்பு வழிந்தோடிய தடங்கள் அவற்றில் எஞ்சியிருந்தன.

பிரின் மார் கல்லூரியில்

ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகள் கற்பித்தபின், 1895இல் பிரின் மார் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு நிலவியலுக்கெனத் தனித் துறை இருக்கவில்லை. கிடைத்த இடமும் பொருட்கள் வைக்கும் அறையே. அதில் பாறை, கனிமம், புதைபடிவம் ஆகியவற்றைச் சேகரித்து வைத்து, முதுநிலை ஆய்வு வரை பயிற்றுவிக்கும் துறையை உருவாக்கினார். 1906இல் பேராசிரியராக உயர்ந்து, 1928இல் ஓய்வு பெற்றார். எலினோரா பிளிஸ் நாப், அன்னா ஜோனாஸ் ஸ்டோஸ், ஜூலியா கார்ட்னர் ஆகிய மாணவியர் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தில் புகழ் பெற்றனர். இடா ஓகில்வி பர்னார்ட் கல்லூரியில் நிலவியல் துறையை நிறுவினார். பாஸ்கமின் ஆய்வுக் கட்டுரைகளைவிட இம்மாணவியர் வரிசையே பெரிய சாதனை எனலாம்.

1896இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் பணியமர்த்திய முதல் பெண்ணும் இவரே. கோடையில் களப்பணி, குளிர்காலத்தில் நுண்ணோக்கி எனப் பிலடெல்பியா, டிரென்டன் வட்டாரங்களின் நிலவியலை வரைபடமாக்குவதில் பங்கேற்றார்.

சிறப்புகள்

1894இல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1924இல் அதன் ஆட்சிக்குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணானார். 1930இல் துணைத்தலைவராகவும் இருந்தார். 1906இல் வெளியான அமெரிக்க அறிவியலாளர் விவரத்திரட்டு இவரை நாட்டின் முதல் நூறு நிலவியலாளருள் ஒருவராகக் குறித்தது. அந்நூலின் பெயரோ 'அமெரிக்க அறிவியல் ஆடவர்' என்பதாகும். 6084 என்னும் எண்ணுடைய சிறுகோளும், வெள்ளிக் கோளிலுள்ள ஒரு பள்ளமும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.