சங்கம் வளர்த்த தென்றல்

நுழையும்முன்

சங்கம் என்றதும் மதுரையும் புலவரும் நம் நினைவுக்கு வருவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சொல் ஆலைத் தொழிலாளரின் சொல்லாகவும் ஆயிற்று. மேடைத்தமிழையும் தொழிலாளர் உரிமையையும் ஒருசேர வளர்த்தவர் திரு.வி.க. ஓர் உரிமை சட்டமாவதற்கு முன் கடந்துவந்த கடினமான வழியை அவர்தம் வாழ்வு காட்டுகிறது.

கல்வியும் இதழ்ப்பணியும்

திருவாரூர் விருத்தாசல கலியாணசுந்தரனார் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் விருத்தாசலனார், சின்னம்மையார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்ற காலத்தில் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளையின் தமிழ்ப்புலமையால் ஈர்க்கப்பட்டு, அவரிடம் தமிழ் நூல்களைக் கற்றார். பின்னர்த் தமிழாசிரியராகப் பணியாற்றினார். நாட்டு விடுதலை வேட்கை மிகவே, 1917இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். 1920இல் 'நவசக்தி' இதழைத் தொடங்கினார். ஆங்கிலமே கோலோச்சிய அரசியல் மேடையில் அழகுதமிழை ஏற்றிய பெருமை அவருக்கு உண்டு.

பெரம்பூரில் பிறந்த சங்கம்

சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் இயங்கின. நீண்ட வேலைநேரமும், நின்று உண்ணவும் போதாத நண்பகல் இடைவேளையும் தொழிலாளரை வாட்டின. அவர்தம் துயர் கண்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் சங்கம் காண விழைந்தனர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பெற்ற முதல் தொழிற்சங்கமாக அது போற்றப்படுகிறது. பி.பி. வாடியா தலைவராகவும், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். அதே ஆண்டில் திரு.வி.க. தம் மனைவி கமலாம்பிகையை இழந்தார். பிள்ளைகளையும் முன்னரே இழந்திருந்த அவர், மறுமணத்தை நாடாது பொதுத்தொண்டிலேயே நின்றார்.

தடையாணையும் தளராமையும்

அந்நாளில் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. வேலைநிறுத்தம் செய்யுமாறு அழைப்பது, ஒப்பந்தத்தை மீறத் தூண்டும் செயலாகக் கருதப்பட்டது. 1920இல் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு நிகழ்ந்தபோது, நிறுவனம் உயர்நீதிமன்றத்தை நாடிச் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. வழக்கின் முடிவில் வாடியா சங்கத்தினின்று விலக நேர்ந்தது.

சுமை திரு.வி.க.வின் தோளில் ஏறியது. 1921இல் மீண்டும் போராட்டம் மூண்டு பல மாதங்கள் நீடித்தது. தொழிலாளர் சமூக அடிப்படையில் பிளவுபட்டனர். புளியந்தோப்பில் கலவரம் எழுந்தது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. ஆளுநர் வெல்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்த நேரிடும் என எச்சரித்தார். அவர் அஞ்சவில்லை. போராட்டம் தோல்வியில் முடிந்தது. எனினும் தொழிலாளரை விட்டு அவர் அகலவில்லை.

சட்டம் பிறந்தது

தோல்வியும் வீண்போகவில்லை. சென்னைத் தடையாணை, தொழிற்சங்கத்துக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்பதை நாட்டுக்கு உணர்த்தியது. 1921இல் என்.எம். ஜோஷி நடுவண் சட்டமன்றத்தில் அதற்கான தீர்மானத்தைக் கொணர்ந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவுபெற்ற சங்கம் தொழில் தகராற்றில் ஈடுபடும்போது, ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக அதன்மேல் உரிமையியல் வழக்குத் தொடுக்க இயலாத நிலை உருவாயிற்று. வாடியாவை விலகச் செய்த வழி அடைபட்டது.

ஆயினும் பெற்ற உரிமை தானே நிலைத்துவிடுவதில்லை. 1929ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், வேலைநிறுத்தம் செய்யும் உரிமையைப் பல வகையில் சுருக்கியது. அதன் முன்வடிவைத் தொழிற்சங்கங்கள் வன்மையாக எதிர்த்தன.

முதுமையிலும் தொண்டு

1947இல் ஆலைப் போராட்டத்தின்போது, அறுபது வயதைக் கடந்திருந்த திரு.வி.க. வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஆட்சியில் இருந்தோர் அவர் ஒருகாலத்தில் உழைத்த காங்கிரசு இயக்கத்தினரே. ஆள்வோர் மாறினும் அவர் நின்ற பக்கம் மாறவில்லை. பின்னாளில் கண்ணொளி குன்றியபோதும், பிறரை எழுதச்செய்து நூல்கள் படைத்தார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் மறைந்தார்.

1926ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களை ஒருங்கிணைத்து 2020இல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டங்களை எளிமையாக்கும் முயற்சி என அரசு அதனை விளக்கியது. வேலைநிறுத்த உரிமை சுருங்கும் எனக் கருதிய தொழிற்சங்கங்கள் ஆர்ப்பாட்டங்களும் நாடு தழுவிய வேலைநிறுத்தங்களும் நடத்தின. சட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்ந்து முடிவு காண்பது ஒவ்வொரு தலைமுறையின் கடமையாகும். பெரம்பூர் ஆலை வாயிலில் ஆயினும், சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் ஆயினும், உழைப்போர் ஒன்றுகூடித் தம் கருத்தை அச்சமின்றிச் சொல்லும் உரிமைக்குப் பின்னால் ஒரு தமிழாசிரியரின் தளராத தொண்டும் நிற்கிறது.