கரும்பு விஞ்ஞானி சர் டி.எஸ். வெங்கட்ராமன்

சித்தூரிலும் திருப்பதியிலும் அரசு உத்தியோகத்தில் இருந்த காலத்தில், சித்தூர் மண்டியில் வெல்லம் மலையாகக் குவிந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நம் நாட்டுக் கரும்பு ரகங்கள் பலவற்றின் முன்னோர்களை உருவாக்கியவர் நம்மவர் ஒருவர் என்பது இளைய தலைமுறை அங்கத்தினர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது.

வெங்கட்ராமன் அவர்கள் 1884-ல் பிறந்தவர். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கியபோது அதன் தலைவர் பார்பர் என்ற ஆங்கிலேயர். அவரிடம் பணியாற்றிய வெங்கட்ராமன், அவருக்குப்பின் பொறுப்பேற்று 1942 வரை நடத்தினார். கரும்பு பூத்து விதை பிடிப்பது வட இந்தியாவில் அரிது, கோவையில் எளிது. ஆகவேதான் வடக்கத்திய வயல்களுக்கான ஆராய்ச்சி தெற்கே நடந்தது.

அந்நாளில் வடக்கே விளைந்தது மெல்லிய கரும்பு. சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்தது. தென்னாட்டின் பருத்த, தித்திப்பான கரும்பு அங்கே தாக்குப்பிடிக்காது. எனவே 'வெள்ளை' என்ற பருத்த கரும்பைத் தாயாகவும், காட்டு நாணலைத் தந்தையாகவும் வைத்து பார்பரும் இவரும் உண்டாக்கியதே கோ 205. 1918-ல் பஞ்சாப் விவசாயிகளுக்குச் சென்றது.

தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி குரோமோசோம் வருவது பொது விதி. இங்கே ஓர் அதிசயம். நாணல் தன் 64-ல் பாதியான 32-ஐத் தர, தாய்க் கரும்பு தன் 80-ஐயும் முழுதாகத் தந்துவிட்டது, மொத்தம் 112. தித்திப்பு தாய்வழியிலும், தாங்கும் சக்தி தந்தைவழியிலும் வந்தன. உடன்பிறந்த குழந்தைகளைப் போல, விதை நாற்றுகளும் ஒன்று போல் மற்றொன்று இராது. பல நாற்றுகளில் தேர்ந்த ஒன்றைக் கரணை நட்டுப் பெருக்கினால் குணம் மாறாது.

1932-ல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கோ ரகங்களும் கைகொடுக்க, சில ஆண்டுகளிலேயே இறக்குமதி ஏறக்குறைய நின்றது. 1937-ல் இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். சர் பட்டமும், 1956-ல் பத்மபூஷணும் பெற்று, 1963-ல் காலமானார்.

தூரத்துச் சம்பந்தத்தால் கரும்புக்கு வலு வந்தது. நாமோ கல்யாணத்துக்குக் கோத்திரம் பார்க்கிறோம். அது தந்தைவழியை மட்டுமே விலக்கும். அத்தை மகன், மாமன் மகள், சொந்த மாமா என்றால் கோத்திரம் வேறுதான். ஆனால் இருவருக்கும் முன்னோர் ஒருவரே ஆவதால், அவரிடம் மறைந்திருந்த குறை இருபுறமும் வந்து சேர்ந்து குழந்தையிடம் வெளிப்படலாம். ஜாதகத்தோடு இதையும் பார்க்கும்படி பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.