தேனீயாராய்ந்த பிரான்சுவா ஹூபர்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியானவர் தேனெடுத்த முறை மிகக் கொடியது. வைக்கோலாற் பின்னிய கூடைகளைக் கவிழ்த்து வைத்து அவற்றில் தேனீக்களைக் குடியிருத்துவர். வேனில் கழிந்ததும் ஒவ்வொரு கூடையையும் தூக்கிப் பார்த்து, எடை மிக்கது எதுவென அறிவர். பின்னர் நிலத்தில் ஒரு குழி தோண்டி, அதிற் கந்தகத்தைக் கொளுத்தி, அக்கூடையைக் குழியின்மேல் வைத்துவிடுவர். சிறிது நேரத்தில் உள்ளிருந்த ஆயிரக்கணக்கான ஈக்களும் மாண்டு குழியில் உதிரும். அதன் பிறகே அடையை அறுத்தெடுப்பர். மிகுதியாக உழைத்த குடி எதுவோ அதுவே முதலில் அழிந்தது. அக்குடியானவர் அனைவரும் வன்னெஞ்சர் என்று நாம் கருதவேண்டுவதில்லை. கூட்டினுள் நடப்பது யாதென எவருக்கும் தெரியாது. அரசி இருக்குமிடம் தெரியாது; எந்த அடையிற் குஞ்சு, எந்த அடையில் தேன் என்பதும் தெரியாது. மூடிய கூட்டை அழித்தாலன்றித் திறக்க இயலாதிருந்தது.

அக்கூட்டைத் திறந்து வைத்தவர் ஜெனிவா நகரத்தவராகிய பிரான்சுவா ஹூபர். அவர் இருகண்ணும் இழந்தவர்.

அவர் 1750-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். தந்தையாகிய ஜான் ஹூபர் ஓவியத்தில் வல்லவர். பெரும்புகழ் வாய்ந்த வால்தேருக்கு நண்பர். அவ்வறிஞரின் முகத்தோற்றத்தைக் காகிதத்திற் கத்தரித்துக் காட்டுவதில் அவருக்கு இணையாவார் எவருமிலர் என்பர். பறவைகள் பறக்கும் முறையைக் குறித்து அவர் ஒரு நூலும் எழுதியுள்ளார். உற்று நோக்கும் பழக்கம் மைந்தருக்குத் தந்தை வழியே வந்தது. ஆனால் இளம்பருவத்திலேயே அவர் மங்கிய விளக்கொளியிலும், விளக்கில்லாதபோது நிலவொளியிலும் இடைவிடாது படித்து வந்தார். பதினைந்தாம் வயதிற் பார்வை குன்றத் தொடங்கிற்று. மருத்துவர் சொற்படி பாரிசு நகருக்கருகில் ஒரு சிற்றூருக்குச் சென்று சில காலம் உழவரோடு உழவராக வாழ்ந்தார். உடல் தேறிற்று, கண் தேறவில்லை. அந்நாளிற் பேர்பெற்ற கண் மருத்துவரும் நோய் தீராதென்று கைவிட்டனர்.

அதற்கு முன்னரே அவர் மரீ எமே லுல்லின் என்னும் நங்கைபால் அன்பு கொண்டிருந்தார். அவள் தந்தை ஜெனிவாக் குடியரசின் தலைவருள் ஒருவர். ஒளியிழந்து வரும் இளைஞருக்குத் தம் மகளைக் கொடுக்க அவர் உடன்படவில்லை. மகளோ வேறெவரையும் மணக்க இசையாள். தானே முடிவு செய்துகொள்ளச் சட்டம் இடந்தரும் இருபத்தைந்தாம் வயது வரையில் அவள் காத்திருந்தாள். அவ்வயது நிரம்பியதும் ஹூபரையே மணந்தாள். அவ்விருவரும் நாற்பதாண்டுகள் இணைந்து வாழ்ந்தனர். அவள் அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டினாள். அவர் சொல்ல எழுதினாள். ஐரோப்பாவிற் போர் நடந்த காலத்தில், படைகள் நிற்குமிடங்களை அவர் விரலால் தடவி அறியுமாறு தேசப்படத்தில் வெவ்வேறு தலையுடைய குண்டூசிகளைக் குத்திவைத்தாள். தோட்டத்து வழிகளிற் கயிறு கட்டி இடையிடையே முடிச்சிட்டு வைத்திருந்தனர். அம்முடிச்சுகளைத் தொட்டறிந்து அவர் துணையின்றி உலவுவார். அவள் உயிரோடிருந்தவரையில் தாம் குருடரென்னும் நினைவே தமக்கு வரவில்லை என அவர் பின்னாளிற் கூறுவதுண்டாம்.

இனி, அவரது ஆராய்ச்சிக்குக் கண்ணாயிருந்தவன் ஒருவனைப்பற்றிச் சொல்லவேண்டும். வோ நாட்டு உழவர் குடியிற் பிறந்த பிரான்சுவா பர்னென்ஸ் என்பவன் அவர்பால் ஊழியனாக அமர்ந்தான். ஹூபர் அவனை இயற்கை நூல்களைப் படித்துக் காட்டச் செய்தார். படிக்குங்கால் அவன் கேட்ட கேள்விகளும் சொன்ன கருத்துக்களும் அவனது கூர்மதியைப் புலப்படுத்தின. ஆயினும் பிறன் கண்ட காட்சியைக் காணாதவர் எங்ஙனம் நம்புவது? இதற்கு ஹூபர் கையாண்ட வழி நம் நெஞ்சைக் கவர்கின்றது. ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் முன்னரே செய்து முடித்த சோதனைகளை அவர் பர்னென்ஸைக் கொண்டு மீண்டுஞ் செய்வித்தார். அவன் கண்டவை அவ்வறிஞர் கண்டவற்றோடு ஒத்துவரவே, புதியவற்றை ஆராயும் துணிவு இருவருக்கும் பிறந்தது. நம் நாட்டு இரட்டைப் புலவருள் ஒருவர் குருடர், ஒருவர் முடவர் என்றும், குருடர் முடவரைத் தோளிற் சுமக்க, முடவர் வழிகாட்டினர் என்றும், ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தனர் என்றும் கேட்டிருக்கிறோம். இங்கே தொடங்கியது கேள்வி, முடித்தது விடை. வேற்றுமை அவ்வளவே.

முதற்கண் வேண்டியது பார்க்கத்தக்க கூடு. ஒற்றை அடையைக் கண்ணாடிகளுக்கிடையே நிறுத்திப் பார்க்கும் பெட்டிகள் முன்பே இருந்தன. அவற்றில் ஈக்கள் இயல்பாக வாழ்வதாக ஹூபருக்குத் தோன்றவில்லை. ஆகவே ஓரடி அளவான மரச்சட்டங்கள் பலவற்றைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஓரடை அமையுமாறு செய்து, அவற்றைப் புத்தகத்தின் ஏடுகளைப்போலக் கீலால் இணைத்தார். மூடியபோது அது ஒரு கூடு; திறந்தால் எந்த ஏட்டையும் புரட்டிப் பார்க்கலாம். மெல்லத் திறந்தால் ஈக்களும் சினங்கொள்வதில்லை.

அக்காலத்துப் பெருங் கேள்வி அரசி ஈ கருவுறுவது எங்ஙனம் என்பது. ஆண் ஈக்களின் மணமே போதுமென்றார் ஒருவர். மீன்களிற்போல முட்டையிட்ட பின்னரே ஆண் ஈ கருவூட்டும் என்றார் வேறொருவர். ஹூபர் கன்னியரசியை ஆண் ஈக்களோடு கூட்டிற்குள் அடைத்து வைத்தார்; அது கருவுறவில்லை. கூட்டிலுள்ள ஆண் ஈக்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, அரசியை வெளியே போகவிட்டார், கருவுற்றது. எனவே விடை கூட்டிற்குள் இல்லை, வானத்திலே உள்ளது என்பது தெளிவாயிற்று. 1788-ஆம் ஆண்டு வேனிலில் அவ்விருவரும் கூட்டு வாயிலிற் காத்திருந்தனர். வெயில் ஏறி ஆண் ஈக்கள் பறக்கும் வேளையில் அரசி வெளிவந்தது; வட்டமிட்டு உயர்ந்து மறைந்தது; விரைவில் வறிதே திரும்பிற்று. மீண்டும் பறந்து நெடுநேரங் கழித்து வந்தபோது கூடியதற்கான அடையாளம் அதன் உடலில் இருந்தது. ஓர் அரசி ஓராணோடு மட்டுமே கூடுமென அவர் கருதினார். பல ஆண்களோடு கூடுமென்பது பிற்கால ஆராய்ச்சியாற் புலனாயிற்று. மூன்று வாரத்திற்கு மேல் வெளியே விடாமல் அடைத்து வைத்த அரசி, பின்னர் ஆண் முட்டைகளையே இடுவதையும் அவர் கண்டார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. கருவுறாத முட்டையினின்றே ஆண் ஈ தோன்றும் என்பதை 1845-இல் சைலீசிய நாட்டுக் குருவாகிய ஜியெர்சோன் வெளியிட்டார்.

நம்மை மிகவும் வியப்பிலாழ்த்துவது மற்றொன்று. அரசியில்லாத கூடுகள் சிலவற்றில் ஆண் முட்டைகள் காணப்பட்டன. வேலைக்கார ஈக்களே அவற்றை இட்டனவோ, அன்றி உருவிற் சிறிய அரசி ஏதேனும் கூட்டத்தில் மறைந்திருந்ததோ என்ற ஐயம் எழுந்தது. இதனைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. கூட்டிலுள்ள ஈக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தல் வேண்டும். பர்னென்ஸ் அதனைத் தானே ஏற்றுக்கொண்டான். இரண்டு கூடுகளின் ஈக்களையும் ஒவ்வொன்றாக விரலாற் பிடித்து, அதன் நாக்கையும் பின்கால்களையும் கொடுக்கையும் சோதித்தான். இவ்வேலை பதினொரு நாட்கள் நடந்தது. இடையிடையே கண்ணுக்கு ஓய்வு கொடுத்ததன்றி அவன் வேறு ஓய்வு கொள்ளவில்லை. அத்தனை ஈக்களில் எத்தனை கொட்டியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். முடிவில் அவையனைத்தும் வேலைக்கார ஈக்களே எனத் தெரிந்தது. பின்னர் முட்டையிடும் ஒரு வேலைக்கார ஈயையே பிடித்து அறுத்துப் பார்த்து உறுதி செய்தனர். நம் புலவர்கள் தும்பியை மலர்தோறும் செல்லும் ஆடவனாகவே பாடினர். மலரிடத்து உழைக்கும் ஈயனைத்தும் பெண்ணென்பதை அறிந்தபின் அப்பாடல்களைப் படிக்குங்கால் நமக்குச் சிறு நகை தோன்றாமலில்லை.

பிறவற்றைச் சுருங்கச் சொல்வோம். மெழுகு மகரந்தத்தினின்று ஆவதென்றே அதுகாறும் கருதினர். தேனும் நீரும் மட்டும் கொடுத்து அடைத்து வைத்த ஈக்கள் வெள்ளிய அடை கட்டின; மகரந்தங் கொடுத்தவை கட்டவில்லை. ஆகவே மெழுகு தேனினின்று ஈயின் உடலில் உண்டாவது என்பது பெறப்பட்டது. சிறிய வாயிலொன்றே உடைய கூட்டில் ஆயிரக்கணக்கான உயிர்கள் மூச்சுவிடுவது எவ்வாறு? அதே அளவு வாயிலுள்ள கண்ணாடிக் கலத்தில் எரியும் மெழுகுவத்தியை வைத்தால் அணைந்துவிடுகிறது. வாயிலருகே வரிசையாக நின்று சிறகடிக்கும் ஈக்களே காற்றை மாற்றுகின்றன என்பதை நூலிற் கட்டித் தொங்கவிட்ட காகிதத் துணுக்குகள் அசைந்து காட்டின. அரசியையும் குடிகளையும் கம்பிவலையாற் பிரித்து, வலையினூடே உணர்கொம்புகள் தீண்டுமாறு விட்டால் அவை அமைதியாயிருக்கும். வலையை இரட்டித்துத் தீண்டாமற் செய்தால் அரசியை இழந்தவைபோலக் கலங்கும். தேன் திருட வரும் பெரிய விட்டிலொன்றைத் தடுக்க ஈக்கள் வாயிலின் பின்னே மெழுகும் பிசினும் கொண்டு மதிலெழுப்பியதையும் அவர் எழுதியுள்ளார்.

ஹூபரை ஜீவகாருண்யர் என்று சொல்லிவிட நமக்கு விருப்பமுண்டு. ஆயினும் அது முற்றும் உண்மையாகாது. அவர் அரசிகளின் உணர்கொம்புகளை வெட்டினார். இரண்டு அரசிகளை ஒரு கூட்டில் விட்டுப் போரிடச் செய்தார். கொன்று அறுத்துப் பார்த்தவையும் பல. ஆனால் அவர் கண்டறிந்தவை வேறெவர் இரக்கவுரையும் செய்யாததைச் செய்தன. ஏடுகளில் தேனுள்ள சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, குஞ்சுள்ளவற்றையும் ஈக்களின் உணவுக்கு வேண்டுவனவற்றையும் விட்டுவிடலாம். கூட்டை நடுவில் இரண்டாகப் பிரித்தால், அரசியில்லாத பாதி, வேலைக்கார ஈயாக வளரவேண்டிய இளம்புழுவுக்கு வேறுணவு ஊட்டித் தனக்கொரு புதிய அரசியை ஆக்கிக்கொள்ளும். இவ்வுண்மையை முதலிற் சொன்னவர் சாக்சனி நாட்டுப் போதகர் ஷீராக். சோதித்து நிலைநாட்டியவர் ஹூபர். இவற்றை அறிந்த ஒருவனுக்குக் கந்தகக் குழி வேண்டுவதில்லை.

இவையெல்லாம் சார்லஸ் பொன்னே என்னும் இயற்கை அறிஞருக்கு எழுதிய கடிதங்களாக 1792-இல் நூல் வடிவம் பெற்றன. பொன்னேயும் அக்காலத்திற் பெரிதும் பார்வை குன்றியிருந்தார். பார்வையற்றவர் எழுத, பார்வை மங்கியவர் கேட்டு மேலும் வினாக்கள் விடுத்து ஊக்கிய நூல் அது. அதில் ஹூபர் பர்னென்ஸின் பெயரை மறைக்கவில்லை. எக்காட்சி அவனுடையதென்று பலவிடத்தும் வெளிப்படச் சொன்னார். ஊழியனின் உழைப்பைத் தமதாக்கிக்கொள்ளல் எளிதாயிருந்தது; கேட்பாரும் இலர். சிறிது காலத்திற்குப்பின் பர்னென்ஸ் தன் ஊருக்குத் திரும்பி, அங்கே மதிப்பு வாய்ந்த நீதிபதியானான். அவனுக்குப் பின் மனைவியும், மகன் பியேரும் கண்ணாயினர். ஜூரின் என்னும் அறிஞரின் மகளாகிய கிறிஸ்தீன், வேலைக்கார ஈக்களை அறுத்து, அவற்றினுள் முற்றாத சூலகம் இருத்தலைக் காட்டினாள். எறும்புகளைப்பற்றி 1810-இல் தாமே நூலியற்றிப் புகழ்பெற்ற பியேரின் துணையோடு, தந்தையின் நூல் 1814-இல் இரண்டு பகுதிகளாக விரிந்து வெளிவந்தது.

அமெரிக்கப் போதகராகிய லாங்ஸ்திராத், ஹூபரின் ஏட்டுக்கூட்டைத் தாமே வைத்துப் பழகினார். சட்டத்திற்கும் பெட்டிக்கும் இடையே எவ்வளவு இடம் விட்டால் ஈக்கள் அதனை அடைக்காமல் விடும் என்பதைக் கண்டு, சட்டங்களைத் தனித்தனியே தூக்கியெடுக்கும் பெட்டிக்கு 1852-இல் உரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டிற் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், நம் நாட்டுச் சிறிய தேனீக்கேற்பச் சட்டப்பெட்டி ஒன்றை அமைத்தார். மார்த்தாண்டம் வட்டாரத்துத் தோட்டங்களிற் காணும் சிறு மரப்பெட்டிகள் இவ்வழியில் வந்தவை. அவற்றைத் திறந்து தேனெடுப்போர் ஈக்களைக் கொல்வதில்லை.

மனைவியை இழந்தபின் ஹூபர் லோசான் நகரில் மகள் இல்லத்தில் வாழ்ந்தார். முதுமையிலும் தேனீக்களைப்பற்றிய பேச்சு எழுந்தால் முகமலர்வார் என்பர். அவருடைய நண்பரொருவர், மெக்சிக்கோ நாட்டுத் தம்பிக்கோவிலிருந்து கப்பல் தலைவர் ஒருவர் கொணர்ந்த கொடுக்கில்லாத தேனீக்களின் கூடொன்றை அவருக்கு அளித்தார். அதனைப் பெற்று அவர் பெரிதும் மகிழ்ந்தார். 1831-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், எண்பத்தொன்றாம் வயதில், அவர் அங்கேயே காலமானார்.