கொரியாவின் முதல் ஞானஸ்நானம்: இராயப்பர் யி சுங் ஹுன்

ஒரு நாட்டில் திருச்சபை தோன்றும் விதம் நமக்குத் தெரிந்ததுதான். குருவானவர் ஒருவர் கப்பலேறி வருவார், மொழி கற்பார், உபதேசியாரைத் தேடிக்கொள்வார், ஓலைக் கூரையின்கீழ் முதல் பூசை நடக்கும். நம் பக்கத்துப் பங்குகளின் பழங்கதைகள் பெரும்பாலும் இப்படியே தொடங்குகின்றன. கொரியாவில் இப்படி நடக்கவில்லை. அங்கே குருவானவர் காலடி வைப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே விசுவாசிகளின் சபை இருந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவரான யி சுங் ஹுன் என்பவரின் சரித்திரத்தை இந்த ஜூபிலி மலரில் எழுத விரும்பினேன். அவரை வேதசாட்சி என்று அழைக்கலாமா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அதனாலேயே அவரைத் தேர்ந்துகொண்டேன்.

ஜோசோன் என்று அந்நாளில் பெயர் வழங்கிய கொரியா, கதவைச் சாத்திக்கொண்ட நாடு. 1592ஆம் ஆண்டு ஜப்பானியர் படையெடுத்து வந்து நாட்டைச் சூறையாடினார்கள். அப்படையினருக்கு ஞான ஊழியம் செய்ய சேசு சபைக் குருவாகிய செஸ்பெதெஸ் 1593ஆம் ஆண்டில் கொரிய மண்ணுக்கு வந்தார். ஆனால் எதிரியின் பாளையத்திலிருந்த அவரால் அங்கே சபை எதுவும் தோன்றவில்லை. 1637ஆம் ஆண்டு மஞ்சூரியரிடம் கொரிய மன்னர் பணிய நேர்ந்தது. அதன்பின் ஜப்பானியர் பூசான் துறையில் ஓர் அடைப்புக்குள் மட்டுமே தங்கி வாணிபம் செய்யலாம். 1653ஆம் ஆண்டு கப்பல் உடைந்து கரையொதுங்கிய டச்சு மாலுமிகளை நாட்டைவிட்டுப் போகவே விடவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் சிலர் தப்பியோடி உலகத்துக்குச் செய்தி சொன்னார்கள்.

திறந்திருந்த வாசல் ஒன்றே ஒன்று. ஆண்டுதோறும் கப்பம் சுமந்து பீக்கிங் நகருக்குப் போகும் தூதுக்குழு அது. ஒன்றரை மாதத்துக்கும் மேலான பயணம், அதுவும் கடுங்குளிரில். பீக்கிங்கில் சேசு சபையார் கட்டிய கோவில்கள் இருந்தன. அங்குள்ள கடிகாரம், தொலைநோக்கி, உயிருள்ளவர் போல் தோன்றும் சுவர்ச் சித்திரங்கள் ஆகியவற்றைப் பார்க்காமல் கொரியத் தூதர்கள் திரும்புவதில்லை. மத்தேயு ரிச்சி சுவாமி 1603ஆம் ஆண்டு சீன எழுத்தில் வெளியிட்ட வேதநூல் இவ்வழியாகவே கொரியா சேர்ந்தது. படித்தவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள், விவாதித்தார்கள், அலமாரியில் வைத்தார்கள். நூற்றெழுபது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

யி சுங் ஹுன் 1756ஆம் ஆண்டு பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். 1780ஆம் ஆண்டு அரசுத் தேர்வில் தேறினார். அவர் பெண்ணெடுத்த ஜோங் குடும்பம் கல்விக்குப் பேர்போனது. மைத்துனர்கள் யாக் ஜோன், யாக் ஜோங், யாக் யோங் மூவரும் பிற்காலத்தில் வெவ்வேறு விதமாகப் புகழ்பெற்றவர்கள். இவர்களோடு நெருங்கிப் பழகிய யி பியோக் என்ற அறிஞர்தான் வேதநூல்களை அலமாரியிலிருந்து இறக்கி மனத்தில் ஏற்றியவர். 1783ஆம் ஆண்டின் இறுதியில் யி சுங் ஹுன்னின் தந்தை தூதுக்குழுவின் அதிகாரியாகப் பீக்கிங் புறப்பட்டபோது மகனும் உடன் செல்வதாயிற்று. யி பியோக் அவரைத் தேடிவந்து, அங்குள்ள குருக்களைக் கண்டு, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, நூல்களும் கொண்டுவரும்படி வேண்டிக்கொண்டார்.

பீக்கிங் வடக்குக் கோவிலில் கிராமோன் என்ற பிரெஞ்சுக் குருவானவர் இருந்தார். அவர் சார்ந்திருந்த சேசு சபை 1773ஆம் ஆண்டிலேயே பாப்பரசரால் கலைக்கப்பட்டுவிட்டது. சபையிழந்த துறவியாக ஊழியம் செய்துவந்தார். கொரியருக்குச் சீன மொழி பேசத் தெரியாது. சீன எழுத்து நன்றாகத் தெரியும். ஆகையால் காகிதத்தில் எழுதிக் காட்டியே ஞான உபதேசம் நடந்தது. குருக்கள் அவசரப்படவில்லை. அரசன் இந்த வேதத்தை மறுத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். சித்திரவதையையும் சாவையும் ஏற்பதாக அவர் வாக்களித்தார். 1784ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தந்தையின் சம்மதத்தோடு, இருபத்தேழு வயதில் ஞானஸ்நானம் பெற்றார். கொரியத் திருச்சபையின் அடித்தளக் கல்லாக இருக்க வேண்டுமென்று அவருக்கு இராயப்பர் என்ற பெயரை இட்டார்கள். மும்முறை மறுதலித்தவரும் இராயப்பரே என்பது அன்று யாருக்கும் நினைவுக்கு வந்திராது.

நூல்கள், பாடுபட்ட சுரூபங்கள், படங்கள் ஆகியவற்றுடன் அவ்வாண்டு வசந்தத்தில் ஊர் திரும்பினார். யி பியோக் தனித்திருந்து அந்நூல்களையெல்லாம் படித்து முடித்தார். பின்னர் சியோல் நகரில் அவர் வீட்டிலேயே ஞானஸ்நானங்கள் நடந்தன. யி பியோக்குக்கு ஸ்நாபக அருளப்பர் என்றும், குவோன் இல் சின் என்ற அறிஞருக்கு, நம் முத்துக்குளித்துறையில் கால்நடையாய்த் திரிந்த சவேரியாரின் பெயரும் இடப்பட்டன. விசுவாசிகள் துபாஷியான கிம் போம் ஊ என்பவரின் வீட்டில் கூடி ஜெபித்து வந்தார்கள்.

1785ஆம் ஆண்டு காவலர்கள் அங்கே நுழைந்தார்கள். பிரபுக்களைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரபுவல்லாத கிம் போம் ஊ அடிபட்டு நாடுகடத்தப்பட்டு, அந்தக் காயங்களாலேயே இறந்தார். பிரபுக்களுக்கோ வேறுவிதமான சோதனை வந்தது. யி பியோக்கின் தந்தை தூக்கிட்டுக்கொள்ளவே முனைந்தார். யி சுங் ஹுன்னின் தந்தை நூல்களையெல்லாம் எரித்தார். மகன் வேதத்தைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தார். சித்திரவதைக்கு ஆயத்தமாயிருந்தவர் தகப்பனின் கண்ணீருக்கு ஆயத்தமாயில்லை. பெற்றோருக்கு அடங்கி நடப்பதே தர்மத்தின் தலை என்று கன்பூசியஸ் நெறியில் வளர்ந்தவருக்கு இது எத்தகைய பாரம் என்பதை நாம் எளிதில் எடைபோட முடியாது.

ஓராண்டுக்குள் மனம் திரும்பி வந்தார். 1786ஆம் ஆண்டு நடந்தது விசித்திரமானது. பீக்கிங்கில் பார்த்தபடியே இங்கும் செய்யலாம் என்றெண்ணி, விசுவாசிகள் கூடி அவரைத் திருப்பலி நிறைவேற்றத் தெரிந்துகொண்டார்கள். அவர் மேலும் பத்துப்பேரை அப்பணிக்கு நியமித்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள், உறுதிபூசுதல் கொடுத்தார்கள். குருப்பட்டம் இல்லாமல் பூசையா என்று சிரிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களிடம் ஒரு குருவானவர்கூட இல்லை. அருட்சாதனங்களின் மேல் பசி மட்டும் இருந்தது.

சிறிது காலத்தில் அவர்களுள் ஒருவர் நூலொன்றைக் கவனமாகப் படித்து, நாம் செய்வது முறைதானா என்று ஐயம் எழுப்பினார். உடனே எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். தலைவராயிருந்த யி சுங் ஹுன், தம் குற்றத்தை ஒளிக்காமல் எழுதி, 1789ஆம் ஆண்டு யுன் யூ இல் என்ற விசுவாசியின் மூலம் தூதுக்குழுவோடு பீக்கிங்குக்கு அனுப்பினார். மற்றவர்களின் மதிப்பைப் பெற்ற நிலையில் இப்படி எழுதுவது எளிதன்று. அவர் வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுவே. ஆயர் கூவேயா அவர்களுடைய விசுவாசத்தைப் பாராட்டி, ஞானஸ்நானம் தவிர மற்றவற்றைச் செய்யலாகாதென்று தடுத்தார். அவர்கள் கீழ்ப்படிந்தார்கள்.

ஆனால் 1790ஆம் ஆண்டு பீக்கிங்கிலிருந்து வந்த மற்றொரு பதில் பேரிடியாய் விழுந்தது. முன்னோர் பெயர்ப்பலகைக்கு முன் வணங்கும் சடங்கு கூடாது என்பதே அது. சீனச் சடங்குகளைப் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1742ஆம் ஆண்டு தடைசெய்திருந்தார். நம் நாட்டு மலபார் சடங்குகளைப் பற்றி 1744ஆம் ஆண்டு தீர்ப்புச் சொன்னவரும் அவரே. பிரபுக்கள் பலர் விலகிப்போனார்கள். சின்னப்பர் யுன் ஜி சுங்கும் யாகப்பர் குவோன் சாங் யோனும் பலகைகளை எரித்து, 1791ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் தலை வெட்டுண்டார்கள். அதே டிசம்பர் 8ஆம் நாள், 1939ஆம் ஆண்டில், அச்சடங்குகள் குடிமை மரியாதையே என்று உரோமை அனுமதி தந்தது. இவ்விரண்டு தேதிகளையும் சேர்த்து வாசிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அப்போது பியோங்தேக் ஊரின் அதிகாரியாயிருந்த யி சுங் ஹுன் பதவியிழந்தார், மறுபடியும் மறுதலித்தார். 1794ஆம் ஆண்டின் இறுதியில் சீனக் குருவானவர் சௌ வென்மோ எல்லை நதியைக் கடந்து இரகசியமாக வந்தபோது ஏறக்குறைய நாலாயிரம் விசுவாசிகள் காத்திருந்தார்கள். 1795ஆம் ஆண்டு அவரைப் பிடிக்க முடியாத கோபத்தில் அரசு மூவரைக் கொன்றது. கடிதம் சுமந்த யுன் யூ இல் அவர்களுள் ஒருவர். யி சுங் ஹுன்னை யேசான் ஊருக்குக் கடத்தியது.

1800ஆம் ஆண்டு மன்னர் ஜோங்ஜோ இறந்தார். சிறுவனான புது மன்னருக்காக ஆட்சி நடத்திய ராஜமாதா, மறு ஆண்டே வேதகலாபனையை மூட்டினார். விசாரணையில் யி சுங் ஹுன் தாம் இந்த வேதத்தை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னார் என்று அரசு ஏடு கூறுகிறது. நீதிபதிகள் நம்பவில்லை. பீக்கிங்கிலிருந்து நூல்களைக் கொண்டுவந்து பரப்பியவர் என்ற குற்றத்துக்கு மன்னிப்பில்லை. கடைசி நேரத்தில் மனம் மாறி விசுவாசத்தோடு இறந்தார் என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்வது. 1868ஆம் ஆண்டு கலாபனையில் அவருடைய மகனும் பேரனும் வேதத்துக்காக உயிர்விட்டார்கள். மறுதலித்தவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

1801ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் சியோல் நகரின் மேற்குச் சிறுவாசலுக்கு வெளியே அவர் தலை வெட்டப்பட்டது. அதே நாளில் அதே இடத்தில் மைத்துனர் அகுஸ்தீன் ஜோங் யாக் ஜோங்கும் மடிந்தார். எளிய மக்களுக்காகக் கொரிய எழுத்தில் முதல் ஞான உபதேச நூலை எழுதியவர் அவர். அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடியே வெட்டை ஏற்றார். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் சியோலுக்கு வந்து அவரையும் 123 பேரையும் முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தார். யி சுங் ஹுன் அவ்வரிசையில் இல்லை. யி பியோக்கையும் 132 தோழர்களையும் குறித்து கொரிய ஆயர்கள் பின்னர் எடுத்த விசாரணையில் அவர் பெயர் இடம்பெற்றது. 1981ஆம் ஆண்டு மைத்துனர் இருவரின் எலும்புகளையும் எடுத்துவந்து, சோன்ஜினாம் மலையில் யி பியோக்கின் கல்லறையோடு ஒரே வரிசையில் அடக்கம் செய்தார்கள்.