கைவல்யதாமம் கண்ட குவலயானந்த சுவாமிகள்

யோகம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவருள் இரு சாரார் இரு விதமாக நடந்துகொள்வர். ஒரு சாரார் கைகூப்பிக் கும்பிட்டு, அது முனிவர்க்கு உரியது, நமக்கு எட்டாதது என்று ஒதுங்கிவிடுவர். மற்றைச் சாரார், படித்தவனுக்கு இது ஏன் என்று நகைத்துவிட்டுப் போவர். கும்பிட்ட கையினாலேயே அதை அளந்தும் பார்த்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை இம்மலரிலே நம் வாலிபர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் ஜகந்நாத கணேச குணே. 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30ஆம் திகதி, குஜராத்திலுள்ள தபோய் என்னும் ஊரிலே பிறந்தார். செல்வக் குடும்பமன்று. பிறர் கையை எதிர்பார்த்தே படிக்க வேண்டியிருந்தது. எனினும் 1903இல் மெற்றிக்குலேசன் பரீட்சையிலே வடமொழிக்கென ஏற்பட்ட ஜகந்நாத சங்கரசேட் பரிசிலைப் பெற்றுப் பரோடாக் கல்லூரியிற் சேர்ந்தார். அரவிந்தர் அங்கே பணிபுரிந்த காலம் அது. திலகரின் பேச்சும் எழுத்தும் மராத்தி பேசும் வாலிபரின் இரத்தத்தைச் சூடேற்றிய காலமும் அதுவே. குணே இல்லறம் வேண்டாம் என்று துணிந்தார். நாட்டுத் தொண்டே தம் தொழில் எனக் கொண்டார்.

அவருக்கு வாய்த்த ஆசிரியர் இருவர். முதல்வர் பரோடாவில் ஜும்மாதாதா தேகாப்பியாச சாலையை நடத்திய இராஜரத்தின மாணிக்கராவ். 1907 முதல் 1910 வரை அவரிடம் உடற்பயிற்சி முறைகளைக் கற்றார். மற்றவர் நர்மதை நதிக்கரையில் மால்சரிலே வாழ்ந்த பரமஹம்ச மாதவதாஸர். யோகத்தின் நுட்பங்களை அவரிடமே பெற்றார். முன்னவர் உடம்பைக் காட்டினார். பின்னவர் அவ்வுடம்புக்குள்ளே நிகழ்வதைக் காட்டினார்.

பின்னர் காந்தேசத்து அமல்நேர் என்னும் ஊரிலே கல்விப்பணியில் இறங்கி, 1916இல் அங்கிருந்த தேசியக் கல்லூரியின் அதிபரானார். மாணாக்கரிடையே சுதேச உணர்ச்சி மேலோங்கக் கண்ட ஆங்கில அரசாங்கம் 1920இல் அக்கல்லூரியை மூடிவிட்டது. கைக்கு எட்டிய பணி பறிபோயிற்று. அந்த இழப்பு நேர்ந்திராவிடின் அவர் ஒரு நல்ல அதிபராக இருந்து ஓய்வு பெற்றிருப்பாரோ என்னவோ.

1920-21இல் பரோடா வைத்தியசாலையில் அவர் செய்த சோதனையைச் சற்று விரித்துரைப்போம். நௌலி என்றொரு கிரியை உண்டு. மூச்சை முற்றாக வெளியே விட்டு, வயிற்றை உள்ளிழுத்து, நடுவயிற்றுத் தசைகளை மாத்திரம் தூண்போல் முன்னே தள்ளி நிறுத்துவது அது. நீரில் அமர்ந்து இதைச் செய்யும் யோகி, குழாய்வழியே நீரைப் பெருங்குடலுள் ஏற்றிக்கொள்வார். வாயினால் உறிஞ்சுவாரில்லை, வெளியிலிருந்து தள்ளுவாருமில்லை. நீர் தானே ஏறுகின்றது. வேறொருவராயின் இதைச் சித்தி என்று சொல்லிக் கூட்டம் சேர்த்திருப்பார். குணே என்ன செய்தார்? பேரியம் கலந்த பொருளைக் கொடுத்து, எக்ஸ் கதிரினாலே குடலின் நிலையைப் படம் பிடிக்கச் செய்தார். குடலினுள்ளே உள்ள அமுக்கத்தை இரசம் நிரம்பிய அமுக்கமானியினால் அளந்தார். நௌலி நிகழும்போது உள்ளமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்திலும் தாழ்ந்துபோவது தெரிந்தது. தசை முன்னே நகர, உள்ளே இடம் பெருகுகின்றது. இடம் பெருக அமுக்கம் குறைகின்றது. வெளியமுக்கம் நீரை உள்ளே தள்ளுகின்றது. கிணற்றடியில் நீரிறைக்கும் பம்பியின் காரியமும் இதுதானே!

தாம் கண்ட அந்த வெற்றிடத்துக்குத் தம் பெயரைச் சூட்டாமல், மாதவதாஸ வெற்றிடம் என்று குருவின் பெயரைச் சூட்டினார். அமுக்கமானி காட்டிய உண்மைக்கு ஒரு துறவியின் பெயர்! அன்னாரின் உள்ளத்தை அறிய நமக்கு இஃதொன்றே போதும்.

1924ஆம் ஆண்டு விசயதசமியிலே, பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடைப்பட்ட மலைப்பாங்கான லோணாவளாவில் கைவல்யதாமம் தோன்றியது. அவ்வாண்டே யோக மீமாம்ஸா என்னும் ஆங்கில முத்திங்கட் சஞ்சிகையும் வெளிவந்தது. அதிலே விஞ்ஞானப் பகுதி ஒன்று, பாதி விஞ்ஞானப் பகுதி ஒன்று, பொதுமக்கட் பகுதி ஒன்று என வகுத்திருந்தார். நிறுவப்பட்டது எது, கருத்தளவில் நிற்பது எது என்று வாசகர் மயங்கலாகாது என்பதே அதன் நோக்கமென நாம் கொள்கின்றோம்.

ஆசனங்களை அவர் விளக்கும் முறையும் அத்தகையதே. தியானத்துக்குரிய ஆசனங்கள் வேறு, உடலை வளப்படுத்தும் ஆசனங்கள் வேறு எனப் பிரித்தார். முன்னவற்றிலே முள்ளந்தண்டு நேர்நிற்க வேண்டும். பின்னவற்றிலே அது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வளைந்தும் முறுகியும் பயில வேண்டும். எந்த மூட்டு எங்கே இருக்க வேண்டும், எந்தத் தசை இறுக வேண்டும், எது தளர வேண்டும் என்று படத்துடன் எழுதினார். நம் விழாமேடைகளிலே சர்க்கஸ் போல ஆசனம் காட்டிக் கைதட்டல் வாங்கும் தம்பிமார் அப்பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக!

இனி, சுவாமிகளுக்குச் சங்கடம் தரத்தக்க ஒன்று. பிராணாயாமத்தாலே உடம்பினுள் ஒட்சிசன் மிகுதியாகச் சேருகின்றது, அதனாலேதான் நன்மை என்று யோகப் பிரியர்கள் பேசிவந்தார்கள். கேட்பதற்கு இனிய பேச்சு. விஞ்ஞான மணமும் வீசியது. சுவாமிகள் உட்செல்லும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளந்து பார்த்தார். எதிர்பார்த்த பெருக்கம் காணப்படவில்லை. கண்டதை மறைக்காமல் எழுதினார். பிராணாயாமத்தின் பயன் வேறிடத்தே தேடப்பட வேண்டும் என்றார். தம் கட்சிக்கு உதவும் வாதத்தைத் தாமே தகர்ப்பவர் எத்தனை பேர்? எனினும் அவர் சொன்ன யாவும் நிலைத்தன என்று நாம் சாதிக்கமாட்டோம். சர்வாங்காசனம் தைரொயிட்டுச் சுரப்பிக்கு இரத்தத்தை மிகுவித்து அதை வளப்படுத்தும் என அவர் கருதியது இன்றளவும் உறுதியாக நிறுவப்படவில்லை.

1927இல் இரத்த அமுக்கத்தால் வருந்திய காந்தியடிகள் சுவாமிகளிடம் கடிதவாயிலாக ஆலோசனை பெற்றார். கேரளத்தவரான கோவூர் பெஹனன் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையிலிருந்து வந்து, அவரிடம் பயின்று, 1937இல் யோகத்தைப் பற்றி ஆராய்ச்சி நூலொன்றை வெளியிட்டார். பின்னாளிலே பம்பாயிற் கிளையும், லோணாவளாவில் யோகக் கல்லூரியும் வைத்தியசாலையும் எழுந்தன. பள்ளிப் பிள்ளைகளின் தேகாப்பியாசத்திலே யோகம் இடம்பெற வேண்டுமென்றும் அவர் ஓயாது உழைத்தார்.

1966ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 18ஆம் திகதி சுவாமிகள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. அவர் தொடங்கிய ஆய்வுகூடத்திலே அவர்தம் மாணாக்கர் அளப்பதை நிறுத்தவில்லை. யோக மீமாம்ஸாவும் தொடர்ந்து வெளிவந்தது.