தண்ணீரைக் கொண்டு பொன்னை அறிந்த அல்பிரூனி

தராசு இல்லாத கடை இல்லை. ஆனால் தராசு பண்டத்தின் நிறையைச் சொல்லுமேயன்றி, அது தங்கமா ஈயமா என்று சொல்லாது. அதையும் தராசைக் கொண்டே கண்டறிந்த பேரறிஞர் ஒருவரின் சரிதையை வியாபாரிகளாகிய நாம் அறிவது நலம்.

அபூரைஹான் அல்பிரூனி அவர்கள் கி.பி. 973-ல் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்தார்கள். அவர்கள் பிறந்த ஊர் இன்று உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்தது. இளமையிலேயே கணிதமும் வானநூலும் கற்றுத் தேர்ந்தார்கள். 1017-ல் கஜ்னி சுல்தான் மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றி, அவர்களையும் கஜ்னிக்குக் கொண்டு சென்றார். பின்னர் இந்தியா சென்று, சமஸ்கிருதம் பயின்று, அந்நாட்டைப் பற்றி 1030 வாக்கில் பெருநூல் ஒன்றை எழுதினார்கள்.

உலோகங்களையும் இரத்தினங்களையும் அவர்கள் சோதித்த முறை மிக எளிது. மேலே குறுகிய கழுத்தும், அதில் ஒரு சிறு குழாயும் உள்ள பாத்திரத்தில், குழாய் மட்டம்வரை நீர் நிரப்புவார்கள். முதலில் நிறுத்துக்கொண்ட உலோகத்தை அதில் இடுவார்கள். வழிந்த நீரைத் தட்டில் ஏந்தி அதையும் நிறுப்பார்கள். உலோகத்தின் நிறையை நீரின் நிறையால் வகுத்தால், அவ்வுலோகம் நீரைப்போல் எத்தனை மடங்கு கனமென்பது தெரிந்துவிடும். தங்கம் 19 மடங்குக்குச் சற்று அதிகம் என்று அன்றே கண்டார்கள். இன்றைய கணக்கும் 19.3 தான். இம்முடிவுகளை அல்காஸினி என்பார் 1121-ல் தமது 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலில் பதிந்து வைத்தார்.

இதன் பயனைப் பாருங்கள். 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனமுள்ள கட்டியொன்றின் கன அளவு 100 கன செ.மீ. அது சுத்தத் தங்கமானால் 1,930 கிராம் இருக்க வேண்டும், வெள்ளியானால் 1,050, ஈயமானால் 1,130. ஈயத்துக்கு முலாம் பூசி வந்தால் 800 கிராம் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். செம்பு கலந்த நகைத் தங்கத்துக்கு இக்கணக்கு சற்றுக் குறையும். டங்ஸ்டன் என்னும் உலோகமோ தங்கத்துக்கு ஏறக்குறைய சமமான கனமுடையது. அதை உள்ளே வைத்து ஏமாற்றுவோரும் இன்று உண்டு. ஆகவே இச்சோதனை ஒன்றையே நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாகாது.

சுல்தான் மஸ்ஊது ஒரு யானைச் சுமை வெள்ளியை அன்பளிப்பாக அனுப்ப, அல்பிரூனி அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1048 வாக்கில் கஜ்னியில் வபாத்தானார்கள். வெள்ளியின் கனத்தை நுட்பமாக அளந்தவர்களுக்கு அதன் மீது ஆசை இல்லை. நிறுவையில் நேர்மை காக்கும் கடமையுள்ள நாம் அவர்களை நன்றியுடன் நினைவுகூர்வோமாக.